பின்வாசல் படிக்கல்

ஆல்டர்போர்டு, மாசசூசெட்ஸ்
ஏப்ரல் 12, 1896

அன்புள்ள ரோடா அக்காவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். பிலீனாவுக்கு மட்டும் குளிர்காலம் விட்டுப்போன மூட்டுவலி இருக்கிறது. அது அவள் காலைப் பிடித்ததே தவிர வாயைப் பிடிக்கவில்லை. நீயும் ஓரின் அத்தானும் மெர்சியும் அந்தக் கான்சாஸ் காற்றில் பறந்துபோகாமல் இருக்கிறீர்களா என்று எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷமாக நான் எழுதப்போவதாகச் சொல்லி எல்லாரும் கேலி செய்த ஹேடன் குடும்ப வரலாறு அடுத்த வசந்தத்தில் அச்சுக்குப் போகிறது. நம் முன்னோர்கள் எழுதிவைத்தது கையளவுதான். பசு தொலைந்தால் ஊர்ப் பதிவேட்டில் அரைப் பக்கம், பெண்டாட்டி செத்தால் ஒரு வரி. இதில் செத்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைக்கும் வழக்கம் வேறு. ஒரே தகப்பனுக்கு மூன்று சாரா இருக்கிறார்கள். இரண்டு சாரா மண்ணுக்குள், மூன்றாவது சாரா எட்டுப் பெற்றவள். எந்தச் சாராவை எங்கே உட்காரவைப்பது என்று மண்டை காய்கிறது.

புத்தகத்தின் கிரீடம் நம் மூதாய் மெர்சி போல்ட்வுட்தான். 1704-ல் பனியோடு பனியாகக் கனடாப் பக்கத்து எதிரிகள் வந்து ஊரை எரித்தபோது நாலு வயதில் பிடிபட்டு, கனடாவுக்கு நடத்திச் செல்லப்பட்டு, பத்து வருஷம் கழித்துத் திரும்பியவள். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த ஜோசப் ஹேடனைக் கட்டிக்கொண்டு நம்மையெல்லாம் உண்டாக்கியவள். அவளில் தொடங்கி உன் மெர்சியில் முடிக்கப்போகிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டது. நம் கிளையில் கடைசி இலை அவள்தான்.

என் விதி உனக்குத் தெரியும். ஆதாரம் இல்லாத பெயர் ஒன்றுகூட உள்ளே வராது. மெர்சி பிறந்த தேதி, இடம், ஞானஸ்நானம் கொடுத்த போதகர் பெயர், மூன்றையும் அனுப்பு.

பிலீனாவும் ஒன்று கேட்கிறாள். குடும்பத்தில் எல்லார் முடியையும் பூப்பூவாக வளைத்து அம்மா செய்த முடிமாலை கூடத்தில் தொங்குகிறதல்லவா, அதில் மெர்சியின் கைக்குழந்தை முடி பட்டாணி அளவுதான் இருக்கிறது. நல்ல செம்பு நிறம். "வளர்ந்த பொண்ணோட முடி ஒரு கொத்து அனுப்பச் சொல்லுங்க, பெரிய பூவா வைக்கிறேன்" என்கிறாள். அனுப்பிவை.

உன் தம்பி,
லெமுவேல்

*

சால்ட் கிரீக், கான்சாஸ்
மே 3, 1896

தம்பி லெமுவேலுக்கு,

காற்று எங்களைத் தூக்கவில்லை, கோழிக்கூட்டின் கூரையைத்தான் தூக்கியது. மற்றபடி சுகம். பிலீனாவின் முட்டிக்கு வாத்துக் கொழுப்பைச் சுடவைத்துத் தேய்க்கச் சொல்.

மெர்சி டோல், 1884 மார்ச் 9, சால்ட் கிரீக். ஞானஸ்நானம் கொடுத்தவர் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றிய போதகர். அவர் பெயர் இப்போது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? இது போதும் என்று நினைக்கிறேன்.

முடி அனுப்ப முடியாது. காய்ச்சல் வந்து ஒட்ட வெட்டிவிட்டோம்.

ஆனால் அவள் பெயர் புத்தகத்தில் வந்தே ஆகவேண்டும். பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொன்னதிலிருந்து அவளுக்கு அதே பேச்சுதான். "மாமா புத்தகத்துல என் பேரு வருமாம்மா? அச்சுலயா? அச்சுல வந்தா அப்புறம் யாராலயும் அழிக்க முடியாதில்ல?" என்று நேற்றும் கேட்டாள். வரும் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கிழவி மெர்சி நாலு வயதில் போனவள், பதினாலு வயதில் வந்தாள். நம் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. இவள்தான் அவள் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வந்ததும் நேரே போய்ப் பின்கட்டு ஆப்பிள் மரத்தைத் தொட்டாள், அதைப் பார்த்துத் தகப்பன் அழுதான் என்று அம்மா சொல்வாள். அது உண்மையா? பார்த்துச் சொல்.

உன் அக்கா,
ரோடா

*

ஆல்டர்போர்டு
மே 30, 1896

அன்புள்ள அக்காவுக்கு,

வாத்துக் கொழுப்பு வேலை செய்கிறது. ஆனால் வீடு முழுக்க வாத்து நாற்றம். உன் இடுப்புவலியைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அது போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆப்பிள் மரத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. பழைய நிலப் பத்திரம் ஒன்றைப் பார்த்தேன். அந்தத் தோப்பை வைத்ததே 1709-ல்தான். குழந்தை பிடிபட்டுப் போய் ஐந்து வருஷம் கழித்து. இல்லாத மரம் அவளுக்கு எப்படி ஞாபகம் வரும்? கதை சொன்னவர்கள் சேர்த்துக்கொண்ட மரமாக இருக்கும். விட்டுவிட்டேன்.

மெர்சிக்குக் காய்ச்சல் எப்போது வந்தது? பிப்ரவரியில் நீ எழுதிய கடிதத்தில் தேவாலய நாடகத்துக்கு இடுப்புவரை பின்னல் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். அதற்குப் பிறகா? பிலீனா சொல்கிறாள்: "காய்ச்சலுக்கு வெட்டின முடியை யாராவது அடுப்புலயா போடுவாங்க? எங்கம்மா என் பல்லைக்கூட வச்சிருந்தாங்க." பெண்கள் பேச்சு. நான் சந்தேகப்பட்டு எழுதவில்லை. ஆனாலும் ஒரு புகைப்படம் அனுப்பினால் நல்லது.

அன்புடன்,
லெமுவேல்

*

சால்ட் கிரீக்
ஜூலை 6, 1896

லெமுவேலுக்கு,

கோதுமை அறுப்பு முடிந்தது. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. இடுப்புவலி போகவில்லை. என்னோடுதான் அறுத்தது, கட்டியது, தூக்கியது.

நீ எனக்குத் தம்பியா, இல்லை எதிர்க்கட்சி வக்கீலா? சின்ன வயதிலும் இப்படித்தான். ஒரு பணியாரம் குறைந்தால் எல்லார் வாயையும் முகர்ந்துகொண்டு வருவாய். ஊர் சுற்றும் புகைப்படக்காரன் ஒருவன் வந்தான், எடுத்து அனுப்பியிருக்கிறேன். வீட்டு முன்னால் மூவரும் நிற்கிறோம். ஓரின் சிரிக்கிறார் என்று நினைத்துவிடாதே, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறார்.

என் கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. மரம் பொய் என்றால், அவர்கள் எதை வைத்து அவளை ஏற்றுக்கொண்டார்கள்? மெர்சியும் இதையேதான் கேட்கிறாள்.

ரோடா

*

ஆல்டர்போர்டு
ஆகஸ்ட் 2, 1896

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மூவரின் முகத்தையும் பார்த்ததில் சந்தோஷம். அத்தான் இளைத்திருக்கிறார், நீ அவருக்குக் கறி போடு.

கோபித்துக்கொள்ளாமல் படி. படத்தில் மெர்சி காது மறைய வெயில் தொப்பி கட்டியிருக்கிறாள். நீயும் வெயிலில்தான் நிற்கிறாய், உன் தலை வெறுந்தலை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அவள் புருவம் கன்னங்கரேலென்று இருக்கிறது. முடிமாலையில் இருப்பது செம்பு முடி. முடி கறுப்பது உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் இந்த அளவுக்கா?

அம்மா சேர்த்துவைத்த உன் பழைய கடிதங்களை எடுத்தேன். 1887-ல் பக்கம் பக்கமாக மெர்சியின் சேட்டை. கன்றுக்குட்டிக்குக் குல்லாய் போட்டாள், மாவு டப்பாவுக்குள் உட்கார்ந்தாள். 1888 ஜனவரியில் கடிதம் நின்றுபோகிறது. ஏப்ரலில் மறுபடி வருகிறது. அதிலிருந்து "மெர்சி சுகம்" என்ற இரண்டு வார்த்தை மட்டும். ஒன்றரை வருஷத்துக்கு அந்த இரண்டு வார்த்தைதான். குழந்தை சேட்டை செய்வதை நிறுத்திவிட்டதா?

நான் ஒன்று ஊகிக்கிறேன். முதல் மெர்சி அந்தக் குளிர்காலத்தில் தவறியிருந்தால், அடுத்துப் பிறந்தவளுக்கு அதே பெயர் வைத்திருப்பாய். நம் வீட்டில் இல்லாத வழக்கமா? அப்படியென்றால் இரண்டு தேதியும் கொடு, இரண்டையும் போட்டுவிடுகிறேன். ஆனால் படத்தில் இருப்பவளுக்கு எட்டு வயது இல்லை. பன்னிரண்டு. அதுதான் எனக்கு இடிக்கிறது. யார் இவள்?

தம்பி,
லெமுவேல்

*

சால்ட் கிரீக்
செப்டம்பர் 20, 1896

லெமுவேலுக்கு,

சுகம் விசாரிக்க மனம் இல்லை. பிலீனாவை மட்டும் கேட்டதாகச் சொல்.

போன புதன்கிழமை எங்கள் போதகர் என் அடுக்களைக்கு வந்தார். கையில் உன் எழுத்து.

"ரோடாம்மா, உங்க தம்பி எனக்கு எழுதியிருக்காரு. உங்க வீட்டுல எந்தக் குழந்தை எப்போ பொறந்துச்சு, எது எப்போ செத்துச்சுன்னு சபைப் பதிவைப் பார்த்துச் சொல்லணுமாம். என்ன எழுதட்டும்?"

"சோளரொட்டி ஆறுது, சாப்பிடுங்க ஐயா. பதில் நான் எழுதிக்கிறேன்" என்றேன்.

நல்ல மனிதர், இரண்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். மெர்சி அடுப்பு ஓரத்தில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள்.

என்னிடம் கேட்டுக்கொண்டே, என் முதுகுக்குப் பின்னால் ஊரான் ஒருவனிடமும் கேட்டிருக்கிறாய். திருடன் வீட்டை மோப்பம் பிடிக்கிற மாதிரி. இதை நான் மறக்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ கேட்டதற்கெல்லாம் நான் ஏதாவது ஒரு பதில் எழுதினேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போகிறாய். உன் விதிப்படி கிழவி மெர்சிக்கு என்ன ஆதாரம்? முதலில் நீ அதைச் சொல். அப்புறம் நான் சொல்கிறேன்.

ரோடா

*

ஆல்டர்போர்டு
அக்டோபர் 18, 1896

அன்புள்ள அக்காவுக்கு,

போதகருக்கு எழுதியது தப்பு. மன்னித்துவிடு.

1704-ல் பிடிபட்டவர்களின் பெயர்களை அந்தக் காலத்துப் போதகர் எழுதிவைத்த பட்டியலின் நகல் நம்மிடம் இருக்கிறது. வழியில் இறந்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை போட்டிருக்கிறார். மெர்சி பெயருக்குப் பக்கத்திலும் ஏதோ இருக்கிறது. அது ஈ எச்சம் என்று அப்பா சொல்வார். நானும் அப்படித்தான் நினைக்க விரும்புகிறேன்.

பின்வாசல் படிக்கல் சரிந்துவிட்டது, கொத்தனாரை வைத்துப் பெயர்த்தோம். வேலை இருக்கிறது. புத்தகம் தள்ளிப்போகலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

லெமுவேல்

*

சால்ட் கிரீக்
நவம்பர் 15, 1896

அன்புள்ள லெமுவேலுக்கு,

இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. சுகம். நீ சுகமாக இல்லை என்று நினைக்கிறேன். வாழ்நாளில் நீ இத்தனை சின்னக் கடிதம் எழுதியதில்லை. ஈ எச்சத்துக்காகவும் படிக்கல்லுக்காகவும் ஒரு மனிதன் புத்தகத்தைத் தள்ளிப்போடுவானா? என்னவோ கண்டுபிடித்திருக்கிறாய், மறைக்கிறாய். இருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கவேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் போதகர் வந்துபோன நாளிலிருந்து மெர்சி புத்தகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நேற்று சாப்பாட்டு மேசையில் மெதுவாகச் சொன்னாள்: "மாமாவுக்குத் தெரிஞ்சுபோச்சில்லம்மா. பரவாயில்ல, பேரு போடவேண்டாம்." ஓரின் கரண்டியைக் கீழே வைத்தார். "சொல்லிடு ரோடா. நாம யாரு வீட்டுலயும் திருடல" என்றார். அவர் இந்த வருஷத்தில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

1888 ஜனவரியில் தொண்டை அடைப்பான் வந்தது. செம்பு முடிக்காரி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மண் கல்லாக உறைந்து கிடந்தது. ஓரின் மேலே நெருப்பு மூட்டி இளக்கித்தான் குழி வெட்டினார். உனக்கு எழுத உட்கார்ந்தேன். அம்மா படுத்த படுக்கை. ஒவ்வொரு கடிதத்திலும் நீ எழுதுவாய், "அம்மா மெர்சியைத்தான் கேட்கிறாள்" என்று. அவள் வைத்த பெயர் அது. சாகக் கிடக்கிறவளிடம் எப்படிச் சொல்வேன்? "மெர்சி சுகம்" என்று எழுதினேன். எழுதிவிட்டு மண்ணில் படுத்து அழுதேன். அடுத்த கடிதத்திலும் அதையே எழுதினேன்.

மறுவருஷம் மே மாதம் நியூயார்க்கிலிருந்து அனாதைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரயில் வந்தது. விரும்பியவர்கள் எடுத்து வளர்க்கலாம் என்று எங்கள் தேவாலயத்தில் மேடையில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜனங்கள் பையன்களின் கையை அமுக்கிப் பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள். மாட்டுச் சந்தை தோற்றது. உழைக்கத் தெம்புள்ளவர்கள் முதலில் போனார்கள். கடைசியில் கறுத்த முடியோடு ஐந்து வயசுப் பெண் ஒன்று நின்றது. பெயர் கேட்டால் வாயே திறக்கவில்லை. ஓரின்தான் சொன்னார், "இது யாருக்கும் வேணாம் போல. நம்மகூட வரட்டும்."

வண்டியில் ஏறி ஊர் எல்லை தாண்டிய பிறகு அவள் என்னைக் கேட்டாள்: "உங்க வீட்டுல எனக்கு என்ன பேரு?"

என் வாயில் வந்த பெயர் ஒன்றுதான், லெமுவேல். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் நான் எழுதியது பொய். அன்றிலிருந்து அது பொய் இல்லை. அம்மா அந்த இலையுதிர்காலத்தில் போனாள். அவள் கேட்ட கடைசி "மெர்சி சுகம்" சத்தியம். நான் பெற்ற மகளைப் புதைத்த இடத்தில் மரச்சிலுவை இருக்கிறது. இவள் வசந்தம் வந்தால் காட்டுப்பூ பறித்துக்கொண்டு போவாள். "எனக்கு முந்தின மெர்சி" என்பாள். அவளிடம் நான் எதையும் மறைக்கவில்லை. உங்களிடம்தான் மறைத்தேன். நீ ஆதாரம் கேட்பவன், அதனால்தான்.

இதோடு இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன். வெள்ளை நூல் கட்டியது முந்தினவள் முடி. நீல நூல் கட்டியது இவள் முடி. காய்ச்சல் எதுவும் வரவில்லை, பின்னலிலிருந்து நேற்று வெட்டினேன்.

இவளைச் சேர்ப்பதும் விடுவதும் உன் கையில். விட்டால் என்னையும் விட்டுவிடு. "ரோடா, மேற்கே போனாள்" என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்.

உன் அக்கா,
ரோடா

*

சால்ட் கிரீக்
ஜனவரி 10, 1897

லெமுவேலுக்கு,

நன்றி கூறும் நாள் போனது, கிறிஸ்துமஸ் போனது, புதுவருஷமும் வந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. புரிந்துகொண்டேன். மெர்சியும் புரிந்துகொண்டாள். தபால் வண்டி வரும் நேரத்தில் அவள் இப்போது வாசலுக்குப் போவதில்லை.

முடிப் பொட்டலங்களைத் திருப்பி அனுப்பிவிடு. இரண்டையும்.

உங்கள் உடல்நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

ரோடா

*

ஆல்டர்போர்டு
ஜனவரி 22, 1897

அன்புள்ள அண்ணிக்கு பிலீனா எழுதிக்கொண்டது,

முட்டி தேவலை. இங்கே பனி ஜன்னல் வரை நிற்கிறது. நான் உங்களுக்குக் கடிதம் எழுதும் பழக்கம் இல்லாதவள். ஆனால் இந்த வீட்டில் இன்னும் ஒரு வாரம் யாரும் யாருக்கும் எழுதாமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருக்கிறார். சொல்லத்தான் மாட்டேன் என்றேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

அக்டோபரில் கொத்தனார் பின்வாசல் படிக்கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டினார். நாமெல்லாம் தலைமுறை தலைமுறையாக மிதித்து, சேற்றுக்காலைத் தேய்த்து, பீன்ஸ் பானை இறக்கிவைத்த கல். அடிப்பக்கம் எழுத்து. கொத்தனார் தொப்பியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "அம்மா, இது படியில்ல, சமாதிக் கல்லு" என்றார். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கையால் செதுக்கிய கோணல் எழுத்து: "சாமுவேல் போல்ட்வுட் மகள் மெர்சி. வயது 4. வழியில் மாண்டாள். 1704."

உங்கள் தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே கேட்டார்: "அப்போ நாம யாரு, பிலீனா?"

"சூப் ஆறுது. நாம யாருன்னு சாப்பிட்டுட்டுப் பாக்கலாம் வாங்க" என்றேன். அவர் வரவில்லை.

கனடாவிலிருந்து வந்தவள் வேறு யாரோ, தகப்பன் ஊரை ஏமாற்றக் கல்லை ஒளித்துவிட்டான், முப்பது வருஷம் தான் சேர்த்ததெல்லாம் ஒரு மோசடியின் வம்சாவளி என்று அவருக்கு. கல்லைப் புரட்டிய இடத்திலேயே போட்டு, பின்வாசலைப் பூட்டிவிட்டார். அடுப்புச் சாம்பலை நான் முன்வாசல் வழியாகக் கொண்டுபோகிறேன். எதிர்வீட்டுக்காரி பார்த்துச் சிரிக்கிறாள்.

அப்போதுதான் உங்கள் பெரிய கடிதம் வந்தது. நின்றுகொண்டே படித்தார், உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். கோபமா என்று கேட்டேன். அந்த இரண்டு பொட்டலத்தையும் சட்டைப் பையில் வைத்தவர் இன்றுவரை எடுக்கவில்லை. கடைக்கும் அதோடுதான் போகிறார். நீங்கள் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதம் வந்த அன்று பையைக் கையால் பொத்திக்கொண்டார். தரமாட்டார் அண்ணி. அது என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. நல்ல அர்த்தம் என்று நினைக்கிறேன்.

இதை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

பிலீனா

*

ஆல்டர்போர்டு
மார்ச் 21, 1897

அன்புள்ள அக்காவுக்கு,

மேப்பிள் மரங்களில் சாறு இறங்க ஆரம்பித்துவிட்டது. வீடு முழுக்கப் பாகு வாசனை. நாங்கள் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்கவேண்டும்.

பிலீனா உனக்கு எழுதினாள் என்று எனக்குத் தெரியும். மைக்கூடு காலியாக இருந்தது. ஆகவே கல்லைப் பற்றி மறுபடி சொல்லவேண்டாம். இத்தனை நாள் எழுதாதது உன்மேல் கோபத்தால் இல்லை. வெட்கத்தால். உன் மகளின் தொப்பிக்குள் என்ன இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன் நான். நான் மட்டும் எந்த வீட்டுப் பிள்ளை என்று அதே கண்ணாடி என்னைக் கேட்டது.

உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். இவள்தான் அவள் என்று அவர்கள் கண்டுபிடிக்கவே இல்லை. அவள் இல்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிடிபட்டுத் திரும்பிய அண்டைவீட்டார் யாரோ வந்து குழந்தை செத்ததைச் சொல்லித்தான் சாமுவேல் கல் நட்டிருக்கிறார். சண்டை ஓய்ந்த பிறகு, 1714-ல், மீதி இருப்பவர்களை அழைத்துவரக் கனடாவுக்கு ஒரு கூட்டம் போனது. தன் குழந்தை இல்லை என்று தெரிந்தே அவரும் போனார். அங்கே எல்லாரையும் அவரவர் வீட்டார் கூட்டிக்கொண்டு போன பிறகு, யாரும் கேட்டு வராத பெண் ஒருத்தி நின்றிருக்க வேண்டும். இதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. இந்த வேலை தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாக ஆதாரம் இல்லாமல் எழுதுகிறேன், சந்தோஷமாகவே எழுதுகிறேன். உன் கடிதத்தில் அந்த மேடையைப் படித்த பிறகு எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

கல்லை ஏன் ஒளித்தார் என்பதும் வண்டியில் உன்னை அவள் கேட்ட கேள்வியைப் படித்த பிறகுதான் விளங்கியது. செத்தவள் பெயரை அடுத்தவளுக்கு வைப்பது நம்மவர் வழக்கம். அடுத்தவள் பிறந்து வந்தாளா, நடந்து வந்தாளா என்று அவர் பார்க்கவில்லை. ஆனால் தன் பெயர் வெட்டிய கல்லைத் தாண்டி ஒரு பெண் ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போகமுடியுமா? ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர்த்து வந்து, முகத்தைக் கீழே போட்டு, வீட்டுக்குள் வரும் படியாக வைத்துவிட்டார். அந்தப் படியேறித்தான் அவள் வீட்டுக்குள் வந்தாள். நாமும் அதில் ஏறித்தான் வந்தோம்.

உன் மெர்சி அவரைவிடத் துணிச்சல்காரி. முந்தினவளுக்குப் பூ வைக்கிறாள். அதனால் நானும் எதையும் புரட்டிப்போடப் போவதில்லை. பனி உருகியதும் கொத்தனாரும் நானும் அந்தச் சின்னக் கல்லைக் கொண்டுபோய், ஜோசப் ஹேடன் மனைவி மெர்சியின் பெரிய கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். பின்வாசலுக்குப் புதுப் படி போட்டாயிற்று. கூடத்து மாலையில் பிலீனா இரண்டு பூ வைத்திருக்கிறாள். செம்பும் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில். "இதுக்கா இத்தனை மாசம் பையில வச்சு நசுக்குனீங்க" என்று என்னைத் திட்டிக்கொண்டே வைத்தாள்.

புத்தகம் நாளை அச்சகத்துக்குப் போகிறது. முதல் பக்கம் இப்படி வரும்:

மெர்சி போல்ட்வுட். பிறப்பு 1700. வழியில் இறந்தாள், 1704.
மெர்சி போல்ட்வுட். பிறந்த நாளும் ஊரும் பெற்றோரும் தெரியவில்லை. 1714-ல் வீடு வந்து சேர்ந்தாள். நாம் எல்லாரும் இவள் பிள்ளைகள்.

கடைசிப் பக்கம் இப்படி:

மெர்சி டோல். பிறப்பு 1884 மார்ச் 9. இறப்பு 1888 ஜனவரி.
மெர்சி டோல். பிறந்த நாளும் ஊரும் பெற்றோரும் தெரியவில்லை. 1889 மே மாதம் வீடு வந்து சேர்ந்தாள்.

இதை அவளிடம் நீ படித்துக் காட்டாதே, அவளே படிக்கட்டும். பிழை இருந்தால் அவள் திருத்தி அனுப்பட்டும். அச்சு மை அழியாது என்று நான் சொன்னதாகச் சொல். ஆதாரம் எங்கே என்று யாராவது கேட்டால், அவர்களை என்னிடம் அனுப்பு.

இப்படிக்கு,
மெர்சியின் தாய்மாமன்,
லெமுவேல் ஹேடன்